துண்டு இருக்கா?

எங்கள் ஊரில் என்னைப் பவானி என்று கூப்பிடுகிறவர்கள் குறைவு. பிராக்கு என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். செய்கிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, மனசை வேறெங்கோ கொடுத்துவிட்டு நிற்பதை எங்கள் பக்கத்தில் பிராக்கு என்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு ரீச்சர் எரிச்சலில் சொன்ன சொல் அது. நான் கலியாணம் முடித்துப் போன ஊருக்கு எனக்கு முன்பே போய்க் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தது. எனக்கு அதில் பெரிய கவலை ஒன்றும் இருந்ததில்லை. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு நோய் ஒரு வருடத்துக்கு மேல் ஒளிந்திருந்தது. பவானி ஏதோ யோசனையில் நிற்கிறாள் என்றே ஊர் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது சுகம். காலையும் மாலையும் குளிசை போடுகிறேன். சுகம் விசாரிக்க வருகிறவர்களிடம் ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. பாதியில் எழுந்து போகிறவர்கள் மீதிக் கதையைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். அதனால் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் கப்பலைச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை.

என் அப்பா தலைமன்னார் இறங்குதுறையில் மூட்டை தூக்கியவர். இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடிய காலம். நான் பிறப்பதற்குள் அந்தக் கப்பல் நின்றுபோனது. அப்பாவுக்கு மட்டும் அது நிற்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் கப்பல், படுத்தால் கப்பல். அவர் சொன்னதையெல்லாம் சேர்த்து எனக்குள் ஒரு கப்பல் கட்டிக்கொண்டேன். சிறு வயதில் அது ஒரு விளையாட்டு. சண்டைக் காலத்தில் ஊர் ஊராக ஓடி, கடைசியில் கடற்கரை மணலில் பங்கர் வெட்டி, மகள் தர்சியை மடியில் கவிழ்த்துக்கொண்டு கிடந்த நாட்களில்தான் அந்தக் கப்பல் எனக்கு வீடானது.

கப்பலில் நான் பயணச்சீட்டு, அதாவது ரிக்கற், பார்க்கிறவள். கையில் ரிக்கற்றில் ஓட்டை போடுகிற கருவி. பயணிகள் ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியும். மடிக்குள் கிளியை ஒளித்துக் கொண்டுவருகிற கிழவர் இருக்கிறார். யன்னல் பக்கத்து இடத்துக்காகத் தினமும் சண்டை பிடிக்கிற அக்கா தங்கை இருக்கிறார்கள். கலியாணச் சேலை எடுக்கப் போகிற ஒரு குடும்பம், போகும்போதே நிறத்தில் கருத்து வேறுபட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறது. வெளியே ஷெல் விழும்போது நான் உள்ளே கிளிக்காரரோடு வாதாடிக்கொண்டிருப்பேன். கிளிக்கும் ரிக்கற் வேண்டும் என்பேன். அவர் மாட்டேன் என்பார். அந்த வாதம் முடிவதற்குள் ஷெல் ஓய்ந்துவிடும். அப்படித்தான் நான் விசர் பிடிக்காமல், புத்தி பிசகாமல் வெளியே வந்தேன்.

பிறகு முகாம், தண்ணீருக்கு வரிசை, பதிவுக்கு வரிசை. எல்லா வரிசையிலும் நான் கப்பலில் நின்றேன். மீள்குடியேறி ஊருக்கு வந்து தகரக் கொட்டிலில் இருந்தபோதும் விடவில்லை. பழைய ஆட்களைப் பிடித்து, புகைபோக்கிக்கு என்ன நிறம், படி எந்தப் பக்கம், தேத்தண்ணி எங்கே கொடுப்பார்கள் என்று கேட்டுக் கேட்டு அவர்கள் என்னைக் கண்டால் வேறு ஒழுங்கையால் போகிற அளவுக்குச் செய்துவிட்டேன். தர்சியின் பழைய கொப்பிகளின் பின்பக்கமெல்லாம் கப்பலின் படம். புருஷன் குகன் வீட்டுத்திட்டத்தில் மேசன் வேலை செய்கிறவர். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்கு ஒரு படம் கீறித் தாருமன், அதையும் கட்டலாம்" என்று பகிடி விடுவார். உள்ளே எனக்கென்று ஒரு கப்பல் ஓடுகிறது என்பது அவருக்கும் தெரியாது. யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் விசர் என்பார்கள் என்ற பயம் எனக்கு.

அந்தக் கப்பலில் இடைவெளிகள் வரத் தொடங்கியதுதான் நோயின் தொடக்கம்.

முன்பெல்லாம் அடுப்படியில் நின்றுகொண்டு கப்பலுக்குப் போனால், திரும்பி வரும்போது அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். யார் என்ன சொன்னார் என்று தெரியும். புதிதாக வந்தது வேறு மாதிரி. வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ மேலே எழும்பும். வாயில் துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போல ஒரு சுவை. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கப்பலும் இல்லை, அடுப்படியும் இல்லை. கண் தெளியும்போது தேங்காய்ப்பூ நிலத்தில் கிடக்கும், யாராவது "பிராக்கு, இஞ்ச பார்" என்று சிரித்துக்கொண்டு நிற்பார்கள். நானும் சிரித்துவிடுவேன்.

ஒருநாள் சிரிக்க முடியாமல் போனது. சோறு வடிக்கப் பானையைத் தூக்கியிருக்கிறேன். தர்சி பக்கத்தில் குந்தியிருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஆணிச் சுவை வந்தது மட்டும் எனக்குத் தெரியும். மிச்சத்தைச் சொன்னவர் லோகா மச்சாள். குகனின் தமக்கை, வேலிக்கு அடுத்த வளவில் இருக்கிறவர். பிள்ளையின் அலறல் கேட்டு ஓடிவந்தபோது தர்சியின் கால் முழுக்கக் கொதிகஞ்சி. நான் சரிந்த பானையைப் பிடித்தபடி, கண்ணைத் திறந்துகொண்டு, வெற்றிலை மெல்லுகிறவள் போல வாயை அசைத்துக்கொண்டு நின்றேனாம்.

"பிள்ளை துடிக்குது, இவள் சப்பிக்கொண்டு நிக்கிறாளடா தம்பி," என்று மச்சாள் குகனிடம் சொல்லி அழுதார். அன்றிலிருந்து தர்சி மச்சாள் வீட்டில்தான் படுத்தாள். கால் ஆறிய பிறகும் அனுப்பவில்லை. நான் கேட்கவும் இல்லை. எந்த முகத்தோடு கேட்பது?

மச்சாளுக்குப் பிள்ளைகள் இல்லை. நல்ல மனுசி. வாய்தான் கொஞ்சம் நீளம். என்னை மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் அவர்தான். பஸ்ஸில் என் கையை விடவே இல்லை. அது அன்பாலா, நான் இறங்கி எங்காவது போய்விடுவேன் என்ற பயத்தாலா என்று எனக்குத் தெரியவில்லை.

கிளினிக்கில் இருந்தவர் இளம் சிங்கள டொக்டர். தமிழ் படித்துக்கொண்டு வந்தவர். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கேட்பார்.

"அம்மாவுக்கு இது எவ்வளவு நாளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சாள் தொடங்கினார். "இவ சின்னனில இருந்தே பிராக்கு, டொக்டர்."

"பிராக்கு? அது என்ன?"

"அதுதான், பராக்குப் பாக்கிறது. கூப்பிட்டாலும் கேளாது. சோறு கரியும், இவ எங்கயோ நிப்பா."

டொக்டர் என்னைப் பார்த்தார். "அந்த நேரம் நீங்க ஏதாவது யோசிக்கிறீங்களா? மனசுல ஏதாவது படம், கதை வருமா?"

சரியான கேள்வி. அந்த நிமிடத்தில் கப்பலைச் சொல்லியிருக்கவேண்டும். ஆனால் முதல்நாள் மச்சாள் குகனிடம் வேலியில் நின்று சொன்னது என் காதில் விழுந்திருந்தது. "விசர் எண்டு டொக்டர் சொன்னால், பிள்ளை என்னோடயே இருக்கட்டும் தம்பி. நான் வளர்க்கிறன்." குகன் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

"இல்லை டொக்டர். ஒண்டும் வாறேல்லை," என்றேன்.

அவர் எழுதினார். சின்ன வயது முதல் இருப்பது ஒன்று, பிள்ளையைச் சுட்டது ஒன்று, இரண்டும் அந்தத் தாளில் ஒன்றாகிவிட்டன. என்னை வார்ட்டில் படுக்கவைத்துப் பார்க்கவேண்டும் என்றார்.

வார்ட் நாட்களில் எனக்கு உடம்பில் நோவு ஒன்றுமில்லை. பயம் மட்டும்தான் வேலை. நோயாளியின் கட்டிலில் தொங்குகிற தாள்களை எங்கள் ஆஸ்பத்திரிகளில் ரிக்கற் என்போம். நேர்ஸ் வந்து "ரிக்கற் எங்க?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்குத் தூக்கிவாரிப் போடும். அது என்னுடைய வசனம். யாரோ என் கப்பலுக்குள் ஏறிவிட்டது போல இருக்கும். டொக்டர்மார் வரும் நேரத்தில் பிராக்காக நிற்கக்கூடாது என்று கண்ணை விரித்து விரித்து வைத்திருப்பேன். கப்பலுக்குப் போகாமல் இருக்கப் பார்த்தேன். பயம் கூடக் கூட அதுதான் என்னைக் கூப்பிட்டது. பயந்தால் போக ஒரே ஓர் இடம்தான் எனக்கு இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் எருக்கலம்பிட்டியிலிருந்து ஹம்சியா ராத்தா, காலில் சீனி வியாதிப் புண்ணோடு படுத்திருந்தார். நல்ல கதைகாரி. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஊரைவிட்டுப் புத்தளம் போய், இருபது வருடத்துக்கு மேல் கழித்துத் திரும்பியவர். வீட்டிலிருந்து வருகிற இடியப்பத்தில் பாதி எனக்கு வரும். வேண்டாம் என்றால் கோபிப்பார். என் கஞ்சியில் மச்சாள் பழப்புளி விட்டுத் தருவதை அவரும் வாங்கிக் குடிப்பார்.

ஒரு பின்னேரம் நான் கட்டிலில் இருந்தபடி கண் தெளிந்தபோது ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன மகள், இப்ப சுகமா? நான் எத்தினை தரம் கூப்புட்டன். கண்ணு தொறந்துதான் இருந்திச்சி, உள்ளுக்கு ஆள் இல்ல. வாய் மெல்லுது, கை இந்தச் சீலையப் புடிச்சிப் புடிச்சிப் பிய்க்குது."

அவர்தான் நேர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னார். டொக்டர் வந்து அவரிடமே எல்லாம் விசாரித்தார். மனசு எங்கோ போகிற ஆள் கையால் சீலையைப் பிய்ப்பதில்லை என்று டொக்டருக்குச் சந்தேகம் வந்தது அன்றுதான்.

அன்று ராத்தா எனக்கு மெல்லச் சொன்னார். "மனசால எங்கயாச்சும் போறது எல்லாருக்கும் உள்ளதுதான். புத்தளத்துல இருந்த காலமெல்லாம் நான் விடிஞ்சா எங்கட ஊட்டு முத்தத்தக் கூட்டிக்கிட்டுத்தான் இருந்தன். கையில வெளக்குமாறு இருக்காது, ஒண்டும் இருக்காது. ஒரு மூலை உடமாட்டன். இங்க வந்து பாத்தா ஊடே இல்ல, காடு."

எனக்கு அழுகை முட்டியது. கப்பலைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு வரை வந்தது. மச்சாள் தேத்தண்ணிப் போத்தலோடு உள்ளே வந்தார். விழுங்கிவிட்டேன்.

டொக்டர் என்னை வேறொரு ஊரின் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஊரையும் ஆஸ்பத்திரியையும் சொல்லப்போவதில்லை. அங்கே யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. அம்புலன்ஸில் மச்சாளும் கூட வந்தார். குகன் வேலைக்குப் போனால்தான் போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் காசு, அதனால் அவர் வரவில்லை. அவர் அனுப்பிவிட்ட பையில் எனக்கு ஒரு மாற்றுச் சேலையும் தர்சி கீறிய ஒரு படமும் இருந்தன. படத்தில் ஒரு வீடு, வாசலில் மூன்று பேர். வேலிக்கு வெளியே ஒரு ஆள். அது மச்சாளா நானா என்று படம் முழுக்கத் தேடியும் எனக்கு விளங்கவில்லை.

முதலில் மூளையின் மின்சாரத்தைப் பதிகிற சோதனை. தலை முழுக்கப் பசை வைத்து வயர்களை ஒட்டுவார்கள். மூளை தனக்குள் அனுப்புகிற சின்னச் சின்ன மின்சாரம் கோடு கோடாக விழும். நோகாது. ஆனால் அந்த நேரத்தில் நோய் வராவிட்டால் கோடுகள் ஒன்றும் சொல்லாமலும் போகலாம். என் கோடுகள் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்ப ஒண்டுமில்லைதானே? மனசிலதான் ஏதோ," என்றார் மச்சாள். அந்த "மனசிலதான்" என்ற சொல்லில் எனக்குக் கேட்டது, பிள்ளை இனி மச்சாளோடுதான் என்பது.

அடுத்த சோதனை எம்.ஆர்.ஐ. பெரிய காந்தத்தின் நடுவே ஒரு குழாய். அதற்குள் படுக்கவைத்து மூளையைத் துண்டு துண்டாகப் படம் எடுப்பார்கள். இரும்பு எதுவும் உள்ளே போகக்கூடாது. போனால் காந்தம் இழுக்கும். உடம்புக்குள் இருக்கிற இரும்பையும் இழுக்கும். சுவிட்ச் போட்டால்தான் காந்தம் வேலை செய்யும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது எப்போதும் வேலையில்தான் இருக்கும். அறையின் வாசலைத் தாண்டினாலே அதன் கைக்குள் போய்விடுவோம்.

காதுப்பூ, கொண்டை ஊசி, காப்பு எல்லாம் கழற்றினேன். தாலிக்கொடி இடம்பெயர்வில் போய்விட்டது. மஞ்சள் நூலில் கோத்த சின்னத் தாலிதான் கழுத்தில். அதையும் கழற்றச் சொன்னார்கள். மச்சாள் முகம் கறுத்தது. தன் பையிலிருந்து ஒரு மஞ்சள் கிழங்கை எடுத்து, நூலில் கட்டி, என் கழுத்தில் போட்டுவிட்டார். முதலே யோசித்துக் கொண்டுவந்திருக்கிறார். தாலியைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டார்.

"பயப்பிடாதை. நான் இதிலதான் நிப்பன்."

பயப்படாமல் எப்படி இருப்பது? உள்ளே வேறு யாருக்கோ படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கதவு தாண்டிச் சத்தம் வந்தது. டக்கு டக்கு டக்கு, பிறகு நிறுத்தி, பிறகு நீளமாக ஒரு உறுமல், திரும்ப டக்கு டக்கு. மச்சாள் தன்னை அறியாமல் குனிந்தார். அந்தச் சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் பழகிய சத்தம். அதைக் கேட்டால் குனியவேண்டும், பிள்ளையைக் கவிழ்க்கவேண்டும். பிள்ளை இல்லை. நான் கப்பலுக்குப் போனேன்.

அங்கே நல்ல வெயில். கிளிக்காரர் சண்டைக்குத் தயாராக இருந்தார். நான் கருவியைத் தட்டிக்கொண்டு வரிசையாக ரிக்கற் பார்த்துக்கொண்டு போனேன். வெளியே ஒரு குரல் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தது. பெயர் கேட்டது, சொன்னேன். பல் கட்டியிருக்கிறதா என்றது, இல்லை. இருதயத்தில் ஏதும் பூட்டியிருக்கிறதா, இல்லை. நான் அங்கே அக்கா தங்கையிடம் வந்திருந்தேன்.

"உடம்பில துண்டு இருக்கா?" என்றது குரல்.

எனக்குக் கேட்டது "துண்டு இருக்கா" மட்டும்தான். ஆஸ்பத்திரியில் கால் வைத்த நேரத்திலிருந்து எல்லோரும் கேட்பது துண்டுதான். டொக்டர் எழுதித் தந்த துண்டுச் சீட்டு, பதிகிற இடத்தில் தந்த துண்டுச் சீட்டு. கப்பலில் நான் கேட்பதும் அதுதான்.

"மச்சாளிட்ட குடுத்திட்டன். என்னட்ட இல்லை," என்றேன்.

கேட்டவர் வேலை அவசரத்தில் இருந்த ஊழியர். அவர் காதில் விழுந்தது "இல்லை". தாளில் கோடு போட்டுவிட்டு, உள்ளேயிருந்த ஆள் வெளியே வந்ததும், "போங்கோ அக்கா, உள்ள அவை படுக்கவைப்பினம்" என்றார்.

கனமான கதவு திறந்திருந்தது. உள்ளே குளிர். வெறுங்காலோடு நடந்தேன். கால் நடந்தது, நான் இன்னும் கப்பலில்தான். எனக்குப் பின்னால் அந்த ஊழியர் அடுத்த ஆளிடம் கேட்கத் தொடங்கியிருந்தார். ஊன்றுகோலோடு வந்த நடுத்தர வயது மனிதர்.

"ஐயா, உடம்பில துண்டு இருக்கா?"

"ஓம் தம்பி. முதுகில ரெண்டு, தொடையில ஒண்டு. தொடையில இருந்ததை எடுத்தாச்சு."

கப்பல் அப்படியே நின்றது. கிளிக்காரரும் இல்லை, வெயிலும் இல்லை. என் ஒரு கால் கதவுப்படியில் இருந்தது. திரும்பினேன்.

"தம்பி, நீங்கள் என்னட்டக் கேட்டது எந்தத் துண்டு?"

அவருக்கு முதலில் விளங்கவில்லை. "எந்தத் துண்டெண்டா? ஷெல் துண்டுதான் அக்கா. ஏன், இருக்கோ?"

என் கை வலது காதுக்குப் பின்னால் போனது. அங்கே ஒரு இடத்தில் மயிர் முளைப்பதில்லை. கடற்கரையில், பங்கரை விட்டு மகளுக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் பட்டது. யாரோ துணி கிழித்துக் கட்டினார்கள். உரசிக்கொண்டு போய்விட்டது, தப்பிவிட்டாய் என்றார்கள். செத்துக் கிடந்தவர்களுக்கு நடுவே அதைக் காயம் என்று சொல்லவே வெட்கமாக இருந்தது. அது ஆறியதும் மறந்துவிட்டேன். எங்கள் ஊரில் யாரும் அப்படியானதைக் கணக்கில் வைப்பதில்லை.

"தெரியேல்லை," என்றேன். "எனக்குத் தெரியேல்லை தம்பி. நான் உள்ள போகேல்லை."

அவர் ஓடிவந்து என் தோளைப் பிடித்து வெளியே இழுத்தார். நேரே எக்ஸ்ரே எடுத்தார்கள். வெளிச்சத்தில் படத்தைத் தூக்கிப் பிடித்தபோது மச்சாள்தான் முதலில் கண்டார். என் மண்டையோட்டுக்கு உள்ளே, காதுக்கு மேலே, குறுணல் அரிசி அளவில் வெள்ளையாக ஒன்று.

அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த அம்மா வந்தார். கண்ணாடி, கறாரான முகம். அந்த ஊழியரைப் பார்த்துக் கேட்டார்: "நீங்கள் கேக்காமலே கோடு போட்டனீங்களோ?" அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேட்டேன் என்றும் சொல்லவில்லை, கேட்கவில்லை என்றும் சொல்லவில்லை. வேலை போகிற பயம் அந்த முகத்தில் தெரிந்தது.

மச்சாள் பக்கத்தில் நின்றார். என் தாலி இன்னும் அவர் கைக்குள். நான் வாயைத் திறந்தால் பிள்ளை போகும். திறக்காவிட்டால் இந்தப் பெடியனுக்கு வேலை போகும்.

"அவர் கேட்டவர்," என்றேன். "நான்தான் அங்க இல்லை."

"அங்க இல்லையெண்டா?"

"கப்பலில நிண்டனான்."

தொடங்கிவிட்டேன், இனி நிறுத்தி என்ன பயன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பா, இறங்குதுறை, பங்கர், கிளிக்காரர், ரிக்கற். துண்டு என்று கேட்டதும் எனக்கு எந்தத் துண்டு ஞாபகம் வந்தது என்பதையும். பிறகு, கப்பலில் இடைவெளிகள் வருகின்றன, அந்த இடைவெளியில்தான் பிள்ளையின் கால் சுட்டது என்பதையும் சொன்னேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மச்சாளை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

பிறகு காந்தம் இல்லாத, எக்ஸ்ரேயால் குறுக்குக் குறுக்காகப் படம் எடுக்கிற சீ.ரீ. ஸ்கான் செய்து, படங்களோடும் நான் சொன்னதை எழுதிய கடிதத்தோடும் எங்களை மன்னாருக்கே அனுப்பினார்கள். திரும்பும் வழி முழுக்க மச்சாள் ஒரு சொல் பேசவில்லை. தாலியை மட்டும் கழுத்தில் போட்டுவிட்டார். வாய் நீளமான மனுசி பேசாமல் இருந்தால் அதைவிடப் பயம் வேறில்லை.

மன்னாரில் டொக்டர் படத்தை எனக்கும் மச்சாளுக்கும் சேர்த்து வைத்து விளக்கினார். துண்டைச் சுற்றி மூளையில் ஒரு தழும்பு இருக்கிறது. அந்தத் தழும்பிலிருந்து சில நேரம் மின்சாரம் தாறுமாறாகக் கிளம்புகிறது. எல்லா வலிப்பும் விழுந்து கைகால் அடிக்கிற வலிப்பு இல்லை. ஆள் நின்றபடியே, கண் திறந்தபடியே வருகிற வலிப்பும் இருக்கிறது. ஆணிச் சுவைதான் அதன் தொடக்கம். துண்டை எடுக்கப் போனால் அதைவிடச் சேதம் வரலாம், அதனால் அது அங்கேயே கிடக்கட்டும். குளிசையால் வலிப்பை அடக்கலாம்.

"கப்பல்?" என்று மச்சாள் கேட்டார். அத்தனை நேரத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல்.

டொக்டர் என்னிடம் திரும்பினார். "அம்மா, நேத்து கப்பல்ல என்ன நடந்தது? ஞாபகம் இருக்கா?"

"ஓம். அக்காளுக்கு யன்னல் குடுத்தன். தங்கச்சி கோவிச்சுக்கொண்டு போட்டா."

அவர் சிரித்தார். "அப்போ அது வலிப்பு இல்ல. வலிப்பு நேரம் ஒண்டும் ஞாபகம் இருக்காது." பிறகு மச்சாளிடம் சொன்னார்: "இவங்க அப்படி நின்னா, எங்க நிக்கிறீங்க எண்டு கேளுங்க. பதில் சொன்னா பயம் இல்ல. சொல்லாட்டி பிடிச்சு இருத்துங்க, நேரம் பாருங்க, இங்க கூட்டி வாங்க. அடுப்பு, கிணறு தனியா வேண்டாம். கொஞ்ச காலத்துக்கு." கப்பலைப் பற்றிப் பேச வேறொரு கிளினிக் இருக்கிறது, விருப்பமென்றால் போகலாம், கட்டாயம் இல்லை என்றும் சொன்னார். அதற்கும் நான் போய்வருகிறேன். அங்கே இருக்கிற டொக்டர் அம்மா கப்பலை நிறுத்தச் சொல்லவில்லை. சமைக்கிற நேரத்தில் கப்பலுக்கு லீவு கொடுக்கச் சொன்னார்.

சில நாள் குளிசையோடு வைத்துப் பார்த்துவிட்டுத் துண்டு வெட்டினார்கள். வீட்டுக்கு விடுவதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். குகன் ரெலிபோனில் "துண்டு வெட்டியாச்சோ?" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வெட்டியது தாள் துண்டு. மற்றது உள்ளேயே இருக்கிறது. ஹம்சியா ராத்தா கட்டிலில் இருந்தபடியே துஆச் செய்து அனுப்பினார்.

பஸ்ஸில் மன்னார்ப் பாலம் தாண்டியதும் மச்சாள் யன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டார்.

"அந்தக் கப்பலில ஆர் ஆர் இருக்கினம் எண்டனி?"

சொன்னேன்.

யன்னலிலிருந்து திரும்பினார். "நான் இருக்கிறனோ?"

பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "இருக்கிறியள் மச்சாள்."

"என்ன செய்யிறன்?"

"ரிக்கற் இல்லாமல் ஏறினனீங்கள். கேட்டால் என்னோட சண்டைக்கு வாறியள்."

பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளை இண்டைக்கும் என்னோட படுக்கட்டும். குளிசை வேலை செய்யிறதைப் பாப்பம்," என்றார். பிள்ளையை இன்றைக்கே கேட்கத்தான் ஆசை. ஆனாலும் அவர் சொன்னது நியாயம். சுட்ட கால் தர்சியுடையது, தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்.

குகன் அடுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். அவருடைய சோற்றை ஒரு மேசன் குழைத்த சீமெந்து என்று சொல்லலாம், நாங்கள் சாப்பிட்டோம். தர்சி பள்ளிக்கூடம் விட்டதும் என்னிடம் வருவாள், பொழுதுபட மச்சாளிடம், அவளுடைய மாமி வீட்டுக்கு, போய்விடுவாள். டொக்டர் சொன்ன கேள்வியை மச்சாள் அவளுக்குத்தான் பழக்கியிருந்தார். நான் சும்மா கண்ணை மூடினாலே கேட்பாள். "அம்மா, எங்க நிக்கிறியள்?" குரலில் பயம் இருக்கும். நான் பதில் சொல்லும் வரை தழும்புக் காலை உள்ளே இழுத்து வைத்துக்கொள்வாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஆணிச் சுவை ஒருமுறை வந்தது. பிறகு ஒருமுறை. குளிசையைக் கூட்டினார்கள். பிறகு வரவில்லை.

வராத காலம் நீண்டுகொண்டு போனது. ஒரு சனிக்கிழமை காலை தர்சி தன் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலியில் ஓட்டையாக விட்ட பொட்டுக்குள்ளால் வந்தாள். பின்னால் மச்சாள் அவளுடைய உடுப்புப் பையோடு வந்தார். பையை வாசலில் வைத்துவிட்டு, "வெங்காயத்தை இவளை உரிக்க விடாதை," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

போன கிழமை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பின்னேரம். தர்சி நிலத்தில் படுத்துக்கொண்டு வீட்டுவேலை எழுதிக்கொண்டிருந்தாள். நான் சுவரில் சாய்ந்திருந்தேன். அன்று கப்பலில் கிளிக்காரர் ஒருவழியாக ரிக்கற் எடுக்கச் சம்மதித்துவிட்டார், அரை ரிக்கற்றா முழு ரிக்கற்றா என்பதில் இழுபறி. நான் அதில் மூழ்கிவிட்டேன்.

"அம்மா, எங்க நிக்கிறியள்?"

கேட்டது. வாய்க்கு வரவில்லை.

"அம்மா! எங்க நிக்கிறியள்?"

பேனை விழுகிற சத்தம். அவள் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துவிட்டாள். கை குளிர்ந்திருந்தது. "அம்மா!"

"கப்பலில," என்றேன்.

என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "உண்மையா?"

"உண்மையா. கிளிக்கு அரை ரிக்கற் போதுமாம் எண்டு அந்தக் கிழவர் நிக்கிறார்."

மூச்சை விட்டாள். கையை விட்டாள். திரும்பிப் போய்ப் படுத்து, காலை நீட்டிப் போட்டுக்கொண்டு பேனையை எடுத்தாள். பிறகு தலையைத் தூக்காமலே வேலிப் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

"மாமி, பயப்பிடாதேங்கோ! அம்மா கப்பலிலதானாம்!"

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மச்சாளின் குரல் வந்தது.

"அப்ப கேள் பிள்ளை, எனக்கு இன்னும் ரிக்கற் வெட்டேல்லையோ எண்டு!"